நாய் முகமூடி போட்ட பூனையும் நாலு வயதுப் பையனும்

பாம்பனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது என்பதால் கணவர் வீட்டில் இருக்கிறார். பிள்ளைகளுக்கும் பள்ளி விடுமுறை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருமாக உட்கார்ந்து, ராட்சச உருவம் வரும் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' என்ற அமெரிக்கத் தொடரைப் பார்க்கிறார்கள். பதினொரு வயது மகள் கண் கொட்டாமல் பார்க்கிறாள். நாலு வயது மகனோ இப்போது கொல்லைப்பக்கம் தனியாகப் போக மறுக்கிறான், தூக்கத்தில் அலறுகிறான். மாமியார் கயிறு மந்திரித்துக் கட்டச் சொல்கிறார். அறிவியல் கதைதானே, பிள்ளைகளோடு பார்க்கலாமா கூடாதா என்று கேட்கிறார்.

பையனுக்கு வேண்டவே வேண்டாம். மகள் நீங்கள் பக்கத்தில் இருந்தால் முதல் சீசனைப் பார்க்கலாம். அமெரிக்காவிலேயே இந்தத் தொடருக்கு 14 வயது முத்திரைதான். 2022இல் வந்த நாலாவது சீசனில் எலும்பு முறிகிற காட்சிகள் வருகின்றன. அதை அவள் இன்னும் சில வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

பயம் எப்படி வருகிறது என்பது பள்ளியிலேயே படித்ததுதான். கண்ணும் காதும் அனுப்பும் சேதி மூளைக்குள் இருக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதிக்குப் போகிறது, அட்ரீனலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. 'சும்மா டிவிதானே' என்று அதை அடக்குவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி. அது முழுதாக முதிர இருபது வயதுக்கு மேல் ஆகிவிடும். ஆனால் நாலு வயதுக்காரனின் சிக்கல் அதற்கும் முந்தியது. அந்த ராட்சச உருவத்துக்குள்ளே இருப்பது வேஷம் போட்ட ஆள் என்பதே அவன் மனதில் இன்னும் நிற்கவில்லை.

இதை அழகாகக் காட்டியவர் ரீட்டா டெவ்ரீஸ் என்ற அமெரிக்க உளவியலாளர். அவருடைய ஆய்வு 1969இல் வெளிவந்தது. மேனார்ட் என்று ஒரு கறுப்புப் பூனை, நல்ல சாது. மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் அதைக் காட்டித் தடவிக்கொடுக்கச் சொன்னார். அப்புறம் பூனையின் முன்பாதியை மட்டும் ஒரு தடுப்புக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். வால் பக்கம் வெளியே தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, மறைவில் பூனையின் தலைக்கு நிஜம் போன்ற ஒரு நாய் முகமூடியை மாட்டினார். தடுப்பை எடுத்துவிட்டு, இது இப்போது என்ன, குரைக்குமா என்று கேட்டார். ஆறு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பூனைதான், முகமூடி போட்டிருக்கிறது என்றார்கள். மூன்று வயதுப் பிள்ளைகளில் பலருக்கு அது நாயாகவே மாறிவிட்டது. வால் ஒரு நொடிகூட அவர்கள் கண்ணை விட்டு மறையவில்லை. கொஞ்ச நேரம் முன்பு அவர்களே தடவிக்கொடுத்த பூனை. இருந்தும் முகம் மாறியதும் ஆளே மாறிவிட்டது!

எனக்கு இந்தச் சோதனை அலுக்கவே அலுக்காது. இவ்வளவு பெரிய உண்மையைக் காட்ட ஒரு பூனையும் ஒரு முகமூடியும் போதுமாயிருந்தன. எப்படித் தெரிகிறது, உண்மையில் என்ன என்று ஒரே பொருளுக்கு இரண்டு விடைகளையும் சேர்த்து மனதில் வைத்துக்கொள்ளும் திறமை பிறவியிலேயே வருவதில்லை. மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் நடுவில் மெல்ல மெல்ல உருவாகிறது. உங்கள் மகன் சரியாக அந்த வழியின் பாதியில் நிற்கிறான்.

தொலைக்காட்சியை வைத்தே இதைப் பார்த்தவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜோஆன் கான்டர். கோபம் வந்தால் பச்சை ராட்சசனாக மாறும் ஹல்க்கை அவர் குழு பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியது. கதாநாயகன் ஆபத்தில் இருந்தபோது பெரிய பிள்ளைகள் பயந்தார்கள். அவன் ஹல்க்காக மாறியதும், இனிக் காப்பாற்றிவிடுவான் என்று நிம்மதியானார்கள். சின்னப் பிள்ளைகளின் பயமோ அவன் மாறிய பிறகுதான் ஏறியது. அதனால்தான் 'பொய்டா, பயப்படாதே' என்ற பேச்சு நாலு வயதில் எடுபடுவதில்லை. மடியில் வைத்துக்கொள்வதும் குடிக்க எதையாவது கொடுப்பதும்தான் அந்த வயதில் கேட்கும். பகலில் அப்பா அவனைக் கரைக்குக் கூட்டிப் போகட்டும். நாட்டுப்படகுக்குத் தடை இல்லையே, பேய்க்கணவாய் வந்திருந்தால் அதன் கைகளை அவனே தொட்டு, உறிஞ்சிகளை எண்ணிப் பார்க்கட்டும். விசித்திர உருவங்கள் அப்படித்தான் பழக்கமாகும்.

தூங்கிய ஓரிரு மணி நேரத்தில் எழுந்து அலறி, அம்மாவையே அடையாளம் தெரியாமல் விழித்து, காலையில் எதுவும் ஞாபகமில்லை என்றால் அது ஆழ்தூக்கத்தில் வரும் அலறல். வளர வளரப் போய்விடும். விடியற்காலையில் எழுந்து கனவைச் சொல்லி அழுதால் அது கெட்ட கனவு. இரண்டிலும் பேய்க்கு வேலை இல்லை.

கயிறு கட்டினால் என்ன கெட்டுவிடும் என்று பாட்டி கேட்கலாம். கயிறு கட்டும்போது, அந்தப் பேய் நிஜம், கயிறு அறுந்தால் வந்துவிடும் என்று பையனிடம் நாமே சொல்லிவிடுகிறோம். கெடுதல் அதுதான். மனதின் உபாதையைப் பேயின் வேலை என்று நினைத்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் மாவட்டம் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் பார்த்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயிலிருந்து தப்ப முடியாமல் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகும் இந்தக் கரையில் மந்திரிப்பைப் பற்றிப் பேசத் தயங்குவது எனக்குச் சம்மதமில்லை.

மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. மீனைப் பற்றி ஆராயப் பணம் ஒதுக்குகிறோம், ஒதுக்கவும் வேண்டும். அதில் சிறு துளியை மீனவர் வீட்டுப் பிள்ளைகளின் மனதை ஆராயவும் ஒதுக்கினால் என்ன? தொண்டியில் ஓர் அங்கன்வாடியில் மேனார்ட் சோதனையைச் செய்துபார்க்க எவ்வளவு செலவாகிவிடும்!

பதினொரு வயது மகளைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். வேஷம் அவளை ஒன்றும் செய்யாது. அந்த வயதில் பயம் உருவத்தை விட்டு, நிஜத்தில் நடக்கக்கூடியதன் மேல் போய்விடுகிறது. இந்தத் தொடர் தொடங்குவதே ஒரு பையன் காணாமல் போவதில்தான். அம்மா தேடுகிறாள், ஊர் அவன் இறந்துவிட்டான் என்கிறது. கடலுக்குப் போனவர் சொன்ன நேரத்தில் திரும்பாத ராத்திரிகளையும், இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன சேதி வந்த வீடுகளையும் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு இது வெறும் கதையாக இருக்காது. அவள் ஒன்றும் கேட்காவிட்டாலும் நீங்கள் பேச்சைத் தொடங்குங்கள். அப்பாவின் படகில் ஜிபிஎஸ் எங்கே இருக்கிறது, வயர்லெஸ்ஸில் யாரைக் கூப்பிடுவார், இன்ஜின் நின்றால் என்ன செய்வார் என்று அவரே உட்கார்ந்து சொல்லட்டும். முதல் சீசன் எட்டே பகுதிதான். ஜூன் 15க்கு முன்பே, அவர் கரையில் இருக்கும்போதே பார்த்து முடித்துவிடுங்கள்.