லிங்க் அனுப்பினால் பாடம் போய்ச் சேருமா?

எந்த ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் காட்சி ஒன்றுதான். காலையில் ஒரு யூடியூப் லிங்க், மதியம் ஒரு பிடிஎஃப், மாலைக்குள் "சூப்பர் சார்", "அருமை டீச்சர்". அந்த லிங்கை மறுநாள் வகுப்பில் திறந்தவர்கள் எத்தனை பேர், திறந்தவர்களுக்கு எங்கே இடித்தது என்ற செய்தி மட்டும் குழுவுக்குத் திரும்பி வருவதே இல்லை.

ஆறாம் வகுப்புப் பின்னக் கூட்டலை எடுத்துக்கொள்வோம். 1/2 + 1/3. காகிதப் பட்டை வைத்துச் செய்யும் செயல்பாடு இதற்கு நன்றாகவே கைகொடுக்கும், பட்டையின் நீளம் 12 செ.மீ. இருந்தால். பாதி 6 செ.மீ., மூன்றில் ஒரு பங்கு 4 செ.மீ. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் 10 செ.மீ. வரும். 2 செ.மீ.க்கு ஒரு கோடு போட்ட முழுப் பட்டையின் மேல் அவற்றை வைத்ததும், ஆறு கட்டத்தில் ஐந்து நிரம்பியிருப்பதைப் பிள்ளைகளே பார்த்துவிடுவார்கள். இதைப் 'பட்டை கொண்டு பின்னக் கூட்டல்' என்று ஒரு போட்டோவோடு மட்டும் அனுப்பினால் என்ன ஆகும்? வாங்கியவர் கணக்குக்குச் சுலபம் என்று 10 செ.மீ. பட்டை வெட்டுவார். மூன்றில் ஒரு பங்கு 3.3 சொச்சம். ஸ்கேலோடு மல்லுக்கட்டுவதிலேயே பீரியட் ஓடிவிடும். 'இதெல்லாம் நம்ம ஸ்கூலுக்குச் சரிப்படாது' என்று அவர் அதை மூட்டை கட்டி வைத்துவிடுவார். விடுபட்டது 12 ஏன் என்ற ஒரே ஒரு வரி.

இன்னொரு சறுக்கலும் உண்டு. பாதிக்கு ஒரு பட்டை, மூன்றில் ஒரு பங்குக்கு வேறு நீளத்தில் இன்னொரு பட்டை என்று பிள்ளைகள் வெட்டிவிடுவார்கள். முழுமை ஒன்றாக இல்லாதபோது கூட்டலுக்கே பொருள் இல்லை. ஒரே நீளத்தில் ஆளுக்கு மூன்று பட்டைகளை முதல் நாளே வெட்டி வைத்துவிட்டால் 10 நிமிடம் மிச்சம்.

அதே பாடத்துக்கு டிஜிட்டல் கருவி ஒன்று. பிளிக்கர்ஸ் (Plickers) என்ற செயலியின் அட்டை பலருக்கும் தெரிந்திருக்கும். மாணவர் கையில் போன் வேண்டாம். ஆசிரியரிடம் ஒரு ஸ்மார்ட்போனும் இணையமும் இருந்தால் போதும். அட்டையில் கறுப்புக் கட்டங்களாலான ஒரு வடிவம், நாலு பக்கமும் ஏ, பி, சி, டி எழுத்துகள். தன் விடைக்குரிய எழுத்து மேலே வருமாறு மாணவர் அட்டையைத் திருப்பிப் பிடிக்க, ஆசிரியர் அந்தச் செயலியைத் திறந்து போன் கேமராவை வகுப்பின் மேல் ஓட்டினால் யார் எதைச் சொன்னார் என்று பதிவாகிவிடும். ஒவ்வொரு அட்டையின் வடிவமும் வேறு, எழுத்துகளும் பொடி. பக்கத்து அட்டையைப் பார்த்துத் திருப்புவது நடக்காது. வழக்கமான தொகுப்பில் 40 அட்டைகள், பெரிய தொகுப்பில் 63.

கோளாறு வருவது பெரும்பாலும் அட்டையில்தான். நீண்ட நாள் உழைக்கட்டும் என்று பளபளப்பான லேமினேஷன் போடுவார்கள். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்தால் கேமரா திணறும். மேட் லேமினேஷன் நல்லது, இல்லையென்றால் பழைய நோட்டு அட்டையில் ஒட்டினாலே போதும். வடிவத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் விட்டு வெட்டுங்கள். பிள்ளைகள் விரல் கறுப்புக் கட்டத்தை மறைக்காமல் ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும். முதல் நாள் பாடக் கேள்வி வேண்டாம். 'கபடியா, கோகோவா, கேரமா, கிரிக்கெட்டா' என்று கேட்டு அட்டை திருப்பிப் பழக்குங்கள்.

ஆனால் அட்டையைவிடக் கேள்விதான் முக்கியம், அதைத்தான் யாரும் பகிர்வதில்லை. 1/2 + 1/3 என்ற கேள்விக்கு நாலு விடைகள்: 2/5, 2/6, 5/6, 1/6. மேலேயும் கீழேயும் அப்படியே கூட்டியவர் 2/5 காட்டுவார். பகுதியைச் சரியாக மாற்றிவிட்டுத் தொகுதியை மாற்ற மறந்தவர் 2/6. கூட்டலுக்குப் பதில் பெருக்கியவர் 1/6. ஆக, தவறான விடை ஒவ்வொன்றும் ஒரு தவறான வழியைக் காட்டிக்கொடுக்கும். வாய்க்கு வந்த எண்களை விடையாகப் போட்டால் மதிப்பெண் கிடைக்கும், தகவல் கிடைக்காது. 2/5 காட்டியவர்களிடம் பதில் சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையை விடக் குறையுமா?" 2/5 அரையை விடச் சிறியது என்பதை அவர்களே கண்டுபிடிக்கும் இடம் அது.

அட்டை தூக்கியபின் என்ன செய்வது என்பதற்கு ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் வகுத்த சகமாணவர் கற்றல் முறை நல்ல வழி காட்டும். சரியாகச் சொன்னவர்கள் 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் பாடத்தை மறுபடி நடத்த வேண்டும். 70க்கு மேல் என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம். இடையில் இருந்தால் விடையைச் சொல்லாமல், பக்கத்தில் வேறு விடை காட்டியவரோடு 2 நிமிடம் வாதாடவிட்டு மறுபடி அட்டை தூக்கச் சொல்லலாம். 30 பேர் உள்ள வகுப்பில் இந்தக் கோடுகள் 9, 21. முதல் சுற்றிலேயே விடையைத் திரையில் காட்டிவிட்டால் வாதாட ஒன்றும் மிஞ்சாது.

இனி, அனுப்பும் முறை. கூகுள் ஃபார்மில் வினாடி வினா தயாரித்து, மாணவர்களுக்கான லிங்கையே குழுவில் போடுவது அன்றாடம் நடக்கும் கூத்து. நாலு ஊர்ப் பிள்ளைகளின் விடையும் உங்கள் ஷீட்டில் வந்து விழும். வாங்கிய ஆசிரியருக்குத் தன் வகுப்பு விவரம் ஒன்றும் கிடைக்காது. எடிட் லிங்கைப் போட்டாலோ யார் வேண்டுமானாலும் கேள்வியை அழிக்கலாம், உங்கள் மாணவர் விடைகளையும் பார்க்கலாம். ஃபார்மை முதலில் நகல் எடுங்கள், நகலில் பழைய விடைகள் வராது. அந்த நகலைப் பகிர்ந்து, 'ஆளுக்கொரு நகல் எடுத்தபின் பயன்படுத்துங்கள்' என்று எழுதுங்கள்.

எழுத்துருத் தொல்லை இன்னும் தீரவில்லை. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு 2010லேயே ஏற்றுக்கொண்டது, ஆனாலும் வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த வினாத்தாள்கள் இன்றும் சுற்றுகின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் மொத்தமும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் அடியுங்கள், மாற்றத் தேவையில்லாத கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். சார்ட், அட்டைப் படங்களை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், பிரிண்டில் எழுத்து மங்கும். 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்பினால் அசல் தரம் குறையாது.

நெட் இல்லாத லேப் என்றால் பெட் (PhET) உருவகப்படுத்தல்களை, அதாவது திரையில் அழுத்தி, நகர்த்திச் செய்துபார்க்கும் சோதனைகளைப் பாருங்கள். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது இந்தத் திட்டம். பின்னம், மின்சுற்று, அடர்த்தி என்று பலவும் இலவசம், தமிழிலும் கிடைக்கும். எச்டிஎம்எல் கோப்பாக இறக்கிப் பென் டிரைவில் கொண்டுபோனால் பிரவுசரில் நெட் இல்லாமலே ஓடும். முதல் 5 நிமிடம் பிள்ளைகள் கண்டபடி அழுத்தித்தான் பார்ப்பார்கள். அந்த நேரத்தையும் பாடக்குறிப்பில் சேர்த்தே திட்டமிடுங்கள்.

எதைப் பகிர்ந்தாலும் கூடவே ஐந்து விவரம் போகட்டும்: எந்த வகுப்பு, எத்தனை பேர், எவ்வளவு நேரம் பிடித்தது, பிள்ளைகள் எங்கே சறுக்கினார்கள், அடுத்த முறை எதை மாற்றுவீர்கள். தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பு என்றால் பிள்ளைகளின் கற்றல் நிலை அரும்பா, மொட்டா, மலரா என்பதும் வேண்டும். நாலாம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் ஒரே அறையில் வைத்துச் சமாளிக்கும் ஈராசிரியர் பள்ளிக்காரர், 35 பேர் உள்ள ஒரே வகுப்பில் ஓடிய செயல்பாட்டைத் தனக்கு ஏற்ப மாற்ற இந்த விவரங்கள்தான் உதவும்.

அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் சிஆர்சி (குறுவள மையம்) கூட்டத்தில் டெமோ வகுப்பு நடக்கும்போது எல்லார் கண்ணும் நடத்துபவர் மேல்தான் இருக்கும். ஜப்பான் பள்ளிகளில் நெடுங்காலமாக நடக்கும் பாட ஆய்வு முறையில் பார்வையாளர் கவனிப்பது மாணவரை. ஒரு பார்வையாளருக்கு நாலு பிள்ளைகள் என்று பிரித்துக்கொண்டு, அவர்கள் நோட்டில் எதை எழுதி எதை அழித்தார்கள் என்று குறித்தால், கூட்டத்தின் பேச்சு 'நல்லா நடத்தினீங்க' என்பதைத் தாண்டி 2/6 எப்படி வந்தது என்பதற்குப் போகும்.

அந்த நோட்டுப் பக்கங்களைப் படம் பிடித்துப் பகிரும்போது பெயர், எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் அடையாள எண்) மீது ஒரு துண்டுத் தாளை வைத்து மறைத்துவிடுங்கள். பிளிக்கர்ஸில் பெயருக்குப் பதில் வரிசை எண் போதும். 2023ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லாரையும் குழந்தை என்றே கொள்கிறது. தவறாக விடை எழுதிய பிள்ளையின் முகம் பத்துக் குழுக்களைச் சுற்றி அதன் அப்பா போனுக்கே வந்து சேர ஒரு நாள்கூட ஆகாது.