எலுமிச்சை வாசம் ஏன் முதலில் ஓடிப்போகிறது?

மொரீஷியஸில் தைப்பூசக் காவடி கொளுத்தும் கோடையில் வரும். ஜனவரி, பிப்ரவரிதான் எங்களுக்கு வெயில் காலம். கோர் த கார்த் மலையில் இருக்கும் முருகன் கோவிலுக்குப் படியேறும்போது, முன்னால் போகிறவரின் முதுகில் கொக்கி குத்தித் தொங்கும் எலுமிச்சம்பழங்களையே பார்த்துக்கொண்டு நடப்பேன். ஒரு பழம் இன்னொன்றோடு உரசினால் போதும், வாசம் பளிச்சென்று மூக்கில் ஏறும். நாலு படி தாண்டுவதற்குள் காணாமல் போய்விடும்.

போன காவடிக்கு முன்னால் என் மைத்துனன் எலுமிச்சை வாசமுள்ள சென்ட் ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினான். "அத்தான், காலையில அடிச்சா பத்து மணிக்கு ஒண்ணுமே இல்ல, தண்ணி கலந்து கொடுத்துட்டாங்க" என்று கடைக்காரரைத் திட்டினான். பாவம் கடைக்காரர். தப்பு எலுமிச்சையுடையது. தப்பு என்று கூடச் சொல்ல முடியாது, அதன் குணமே அப்படி.

எலுமிச்சைத் தோலைக் கொஞ்சம் வெட்டி, மஞ்சள் பக்கம் வெளியே இருக்கும்படி மடக்கி, விளக்குச் சுடருக்குப் பக்கத்தில் அழுத்திப் பாருங்கள். சடசடவென்று பொறி பறக்கும். (குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் வேண்டாம்.) தோலில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே, அவை எண்ணெய்ப் பைகள். அழுத்தம் தாங்காமல் அவை வெடித்து எண்ணெயைப் பீய்ச்சுகின்றன. 2018ல் அமெரிக்காவில் ஆரஞ்சுத் தோலை அதிவேகக் கேமராவில் படம் பிடித்தவர்கள், அந்தத் தாரை கிளம்பும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 5,000 மடங்கு வரை போகிறது என்று கணக்கிட்டார்கள். ராக்கெட்டெல்லாம் பக்கத்திலேயே வர முடியாது.

அந்த எண்ணெயில் பெரும்பங்கு லிமோனின் என்ற வேதிப்பொருள். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் 90 சதவீதத்துக்கு மேல், எலுமிச்சையில் மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் 'இது எலுமிச்சை' என்று மூக்குக்குச் சொல்வது லிமோனின் இல்லை, சில சதவீதமே இருக்கும் சிட்ரால் என்ற இன்னொரு பொருள். வீட்டில் சித்ரொனெல் என்னும் எலுமிச்சைப்புல் இலை போட்டுத் தேநீர் வைக்கும்போது எலுமிச்சை மணம் வருவது அதனால்தான். அந்தப் புல்லின் எண்ணெயில் முக்கால் பங்கு சிட்ரால்.

சரி, ஏன் நிற்பதில்லை? ஒரு பொருள் மணக்க வேண்டுமென்றால் அதன் மூலக்கூறு தோலை விட்டுக் கிளம்பி, காற்றில் மிதந்து, மூக்குக்குள் வர வேண்டும். லிமோனினில் பத்துக் கார்பன் அணுக்கள்தான், லேசானது, அதோடு தண்ணீரையோ தோலையோ இறுகப் பற்றிக்கொள்ளும் பிடிப்பும் அதற்கு இல்லை. சும்மா இருக்கும் தோலே 33 டிகிரி வாக்கில் சூடாக இருக்கும், வெயில் அதைக் கூட்டும். மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் கிளம்பிவிடுகிறது. முதல் பத்து நிமிடத்தில் அத்தனை பிரகாசமாக மணப்பதற்கும், பத்து மணிக்கு ஒன்றுமில்லாமல் போவதற்கும் காரணம் ஒன்றேதான். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

பழைய காலத்து ஆட்கள் இதைப் பற்றிக் கவலைப்படவில்லை. இத்தாலியிலிருந்து ஜெர்மனிக்குப் போன யோஹான் மரியா ஃபரினா 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலோன் நகரில் செய்த வாசனைத் தண்ணீர்தான், நம் பாட்டிமார் காய்ச்சலுக்கு நெற்றியில் பற்றுப் போட்ட ஓடிகொலோனின் மூதாதை. வாசனை எண்ணெய் கொஞ்சம், மீதி பெரும்பாலும் ஆல்கஹால். ஆல்கஹால் ஆவியாகும்போது தோலின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது, குளிர்ச்சி அப்படித்தான் வருகிறது. தீர்ந்துவிட்டால் மறுபடி தெளித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

நாள் முழுக்க நிற்க வேண்டும் என்ற ஆசை வந்த பிறகுதான் தந்திரங்கள் தொடங்கின. 1966ல் தியோர் நிறுவனத்துக்காக எட்மோன் ரூத்னிட்ஸ்கா செய்த 'ஓ சவாஜ்' என்ற சென்ட் எலுமிச்சையோடு ஹெடியோன் என்ற பொருளைச் சேர்த்தது. மல்லிகைச் சாயல் உள்ள அது மெதுவாக ஆவியாகும், எலுமிச்சை போன பிறகும் அந்த வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் நீட்டும். அப்புறம் 1980களில் டைஹைட்ரோமிர்சினால் என்ற மணப்பொருளின் ராஜ்யம். பைன் மரத்து டர்பன்டைனிலிருந்து எடுக்கலாம், மலிவு, எலுமிச்சையும் லாவெண்டரும் கொஞ்சம் இரும்பும் கலந்த மாதிரி மணக்கும். 1988ல் வந்த டேவிடாஃப் 'கூல் வாட்டர்' அதை அள்ளிப் போட்டது. சலவைப் பொடியிலும் அது இருப்பதால், 'ஆண்களுக்கான புத்துணர்ச்சி' என்று விற்கும் பாதிப் புட்டிகள் எனக்குத் துவைத்த சட்டையைத்தான் நினைவூட்டுகின்றன.

எனக்குப் பிடித்த தந்திரம் வேறு. அடியில் கனமான ஒன்றைப் போட்டு வைப்பது. அதற்கு உலகம் தேடிப்போன பொருள்களில் ஒன்று நம் பானைத் தண்ணீரில் கிடந்த வெட்டிவேர். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அதற்குப் பெயரே தமிழ்ச்சொல்தான். பக்கத்துத் தீவு ரீயூனியனின் வெட்டிவேர் எண்ணெய்க்கு, அந்தத் தீவின் பழைய பெயரான 'பூர்போன்' முத்திரையாக ஒரு காலத்தில் பெரிய மவுசு. இப்போது ஹெய்ட்டிதான் முன்னால் நிற்கிறது. வெட்டிவேரின் மணப்பொருள்களில் பெரும்பாலானவை பதினைந்து கார்பன் கொண்டவை, பலவற்றில் ஆக்சிஜனும் உண்டு. கனமும் பிடிப்பும் சேர்ந்து அவற்றை எளிதில் கிளம்ப விடுவதில்லை. அதிலேயே திராட்சைமாசு என்னும் கிரேப்ஃப்ரூட் தோலின் கசப்பு மாதிரி ஒரு சாயல் உண்டு. அதனால் எலுமிச்சை போய்விட்டதே மூக்குக்குச் சட்டென்று தெரிவதில்லை. மைத்துனன் கையில் ஒரு நாள் முதலில் வெட்டிவேர் அத்தரை ஒரு துளி தடவி, மேலே அவன் சென்டை அடித்தேன். மதியச் சாப்பாட்டுக்கும் மணத்தது. மணத்தது வெட்டிவேர்தான், ஆனால் அவன் எலுமிச்சை என்று சத்தியம் செய்தான்.

வெயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு முறை ஃபிளிக் ஆன் ஃபிளாக் கடற்கரையில் மீனுக்கு ஒரு கூடை எலுமிச்சை பிழிந்துவிட்டு, கையைச் சரியாகக் கழுவாமல் வெயிலில் உட்கார்ந்தேன். இரண்டு நாள் கழித்துப் புறங்கையில் வழிந்த கோடு கோடாகச் சிவந்து, அப்புறம் காப்பி நிறமாகி, வாரக்கணக்கில் போகவில்லை. எலுமிச்சையிலும் அதன் உறவான பெர்கமாட் பழத்திலும் உள்ள ஃபுரோகூமரின்கள் என்ற பொருள்கள் சூரியனின் புறஊதாக் கதிரோடு சேர்ந்து தோல் செல்களைத் தாக்குகின்றன. சென்ட் செய்பவர்கள் அவற்றை நீக்கிய எண்ணெயை வாங்குவார்கள், அல்லது அளவைக் கட்டுப்படுத்துவார்கள். வீட்டில் தோல் பிழிந்து சென்ட் செய்கிறவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. காவடி நாளில் கழுத்தில் தடவிக்கொண்டு கிளம்ப வேண்டாம்.

மைத்துனனின் புட்டி இப்போது காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் கிடக்கிறது. லிமோனின் காற்றோடும் சூட்டோடும் சேர்ந்து ஆக்சிஜன் ஏறிய பொருள்களாக மாறும். அவற்றில் சில தோல் அலர்ஜியைக் கிளப்பும், மணமும் பழைய வார்னிஷ் மாதிரி ஆகிவிடும். எடுத்து அலமாரிக்குள் வை என்று மூன்று முறை சொல்லிவிட்டேன்.