ஸ்டிக்கரில் இருக்கும் வாட்ஸை நம்பிப் பழைய ஸ்பீக்கர் வாங்காதீர்கள்

போகிக்கு வீட்டைக் காலி செய்கிறவர்கள் ஒரு பக்கம், பொங்கல் லீவுக்குள் ஹாலில் ஹோம் தியேட்டர் போட்டுவிடத் துடிக்கிறவர்கள் ஒரு பக்கம். ஜனவரி பிறந்தால் எங்கள் சர்வீஸ் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. பழைய ஸ்பீக்கர் வாங்குவதை நான் குறை சொல்லவே மாட்டேன். நல்ல ஸ்பீக்கர் இருபது வருஷம் சர்வ சாதாரணமாக உழைக்கும். செல்போன் மாதிரி வருஷத்துக்கு ஒரு தரம் காலாவதியாகிற சரக்கும் இல்லை. என் ஆதங்கமெல்லாம், காசைக் கொடுத்து ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்த பிறகு "அண்ணே, இதுல ஏன் சத்தம் வரல?" என்று கேட்கிறவர்களைப் பற்றித்தான். அந்தக் கேள்வியை விற்கிறவர் வீட்டு வாசலிலேயே கேட்டிருக்கலாம்.

இந்தத் தடவை என்னை எழுத உட்கார வைத்தது ஒரு வயர்லெஸ் சப்வூஃபர், அதாவது பாஸுக்கென்றே இருக்கிற தனிப் பெட்டி. சுருக்கமாக சப். புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவர் ஆன்லைனில் பார்த்து வாங்கி வந்திருந்தார். சவுண்ட்பாரோடு ஜோடியாக வருகிற சப். விற்றவருடைய சவுண்ட்பார் கெட்டுப்போயிருக்கிறது, சப்பை மட்டும் தனியாகத் தள்ளிவிட்டுவிட்டார். "ஆன் ஆகுதுண்ணே, லைட்டும் எரியுது" என்றார் தம்பி. எரியும். பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் கரன்ட் ஒயர் ஒன்று, பாரோடு ஜோடி சேர்க்கிற பட்டன் ஒன்று. வேறு ஒரு சாக்கெட்டும் இல்லை. "புளூடூத்ல சேராதாண்ணே?" சேராது தம்பி. இந்த மாதிரி சப்கள் பெரும்பாலும் தன் ஜோடி பாரோடு மட்டும்தான் பேசும். அந்தக் கம்பெனியின் இன்னொரு மாடலோடுகூடப் பேசாது. பிரித்து உள்ளே வேறு ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) போர்டு வைத்தால் பாடவைக்கலாம். அதற்கு ஆகிற செலவில் ஒழுங்கான சப்பே கிடைத்துவிடும். பின்பக்கம் ஆர்.சி.ஏ. சாக்கெட் (ஆடியோ ஒயர் செருகுகிற வட்டத் துளை) இல்லாத பவர்டு சப்பை, அதாவது ஆம்ப் உள்ளேயே இருக்கிற சப்பை, தயவுசெய்து வாங்காதீர்கள். இதே பிரச்சினையோடு வந்தவர் அவர் முதல் ஆள் இல்லை.

டி.வி.டி. காலத்துப் பெட்டி செட்டுகளும் இந்த ஜாதிதான். சப்பின் வாய்க்கு அந்த செட்டின் தனி பிளக், ஸ்பீக்கர் மற்ற ஆம்புக்கு எளிதில் ஒத்துவராத 3 ஓம், ஆம்ப் டி.வி.டி. பெட்டிக்குள். பெட்டி செத்தால் மொத்தமும் செத்தது. முழு செட்டும் ஓடினால், விலையும் சல்லிசாக இருந்தால் வாங்குங்கள். உதிரியாக வேண்டாம்.

சரி, என்னை மிகவும் எரிச்சலூட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன். வாட்ஸ்.

கடைக்குள் நுழைகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் முதலில் கேட்பது "எத்தனை வாட்ஸ்ணே?" என்றுதான். பழைய செட்டின் முன்பக்கம் பளபளவென்று ஒட்டியிருக்கும்: 5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. பீக் மியூசிக் பவர் அவுட்புட் என்பதன் சுருக்கமான இந்த பி.எம்.பி.ஓ.வை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று எல்லோருக்கும் பொதுவான விதி கிடையாது. கண்ணிமைக்கும் நேரத்தில் தெறிக்கக்கூடிய கற்பனை உச்சத்தை ஒவ்வொரு சேனலுக்கும் கணக்குப் போட்டு, எல்லாவற்றையும் கூட்டி, மேலே இன்னும் கொஞ்சம் சேர்த்து எழுதிக்கொள்வதுதான். இது பொய் என்று கண்டுபிடிக்க மீட்டர்கூட வேண்டாம். நம் வீட்டு சாதாரண பிளக் பாயின்ட் 6 ஆம்பியர். 230 வோல்ட்டோடு பெருக்கினால் 1380 வாட்ஸ். அதற்கு மேல் அந்த பாயின்ட்டிலிருந்து இழுப்பதே தப்பு. துணி தேய்க்கிற சாதாரண அயர்ன் பாக்ஸே ஆயிரம் வாட்ஸ் பக்கம்தான் இருக்கிறது. 5000 வாட்ஸ் செட் அதே பாயின்ட்டில் எப்படி ஓடும்? செட்டைத் திருப்பிப் பாருங்கள். உண்மையைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்: பவர் கன்சம்ப்ஷன் 60 வாட்ஸ். உள்ளே போவதே அறுபது. வெளியே ஐயாயிரம் எங்கிருந்து வரும்?

லோக்கலாக அசெம்பிள் செய்த 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்) ஆம்புக்கும் இதே கணக்குதான். மூடியைத் திறந்து டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள். 12-0-12, 5 ஆம்பியர் என்றால் 24 இன்டு 5, மொத்தம் 120. வெப்பமாகப் போவது போக ஆறு சேனலுக்கும் சேர்த்து எழுபது எண்பது வாட்ஸ் தேறினால் பெரிய விஷயம். அசெம்பிள் செட்டை நான் மட்டம் தட்டவில்லை. 5200-1943 என்கிற டிரான்சிஸ்டர் ஜோடி உள்ள போர்டு போட்டு, அதற்கேற்ற டிரான்ஸ்ஃபார்மரும் ஹீட் சிங்க்கும் வைத்துக் கட்டிய செட் இன்றைக்கும் ஜோராகப் பாடும். சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகம் வாங்கிக் கட்டுகிற பையன்களில் கைதேர்ந்தவர்கள் உண்டு. அவர்கள் முன்பக்கம் ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் இரண்டு மடங்காகாது. வெறும் 3 டெசிபல்தான் கூடும், காது "கொஞ்சம் ஏறியிருக்கோ?" என்று யோசிக்கிற அளவு. கேட்கிறவருக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் பத்து மடங்கு பவர் வேண்டும். ஐம்பது வாட்ஸா நூறு வாட்ஸா என்று அடித்துக்கொள்கிறவர்கள் அந்த 3 டெசிபலுக்காகத்தான் அடித்துக்கொள்கிறார்கள். அதைவிட ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியை, அதாவது ஒரு வாட் கொடுத்தால் எத்தனை டெசிபல் சத்தம் வருகிறது என்பதைப் பாருங்கள். 84 டெசிபல் ஸ்பீக்கருக்கு நாலு வாட்ஸ் கொடுத்தால் வருகிற சத்தம், 90 டெசிபல் ஸ்பீக்கரில் ஒரே வாட்டில் வந்துவிடும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் எட்டடி தள்ளி உட்கார்ந்து படம் பார்க்கும்போது, வசனத்துக்கு ஆம்ப் கொடுப்பது ஒரு வாட்டுக்கும் கீழே. குண்டு வெடிக்கும்போதுதான் அதற்கு மூச்சு வாங்கும். சேனலுக்கு நேர்மையான 40, 50 வாட்ஸ் ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து கொடுக்கக்கூடிய பவர், அந்த அறைக்குத் தாராளம்.

"ஆம்ப் சின்னது, ஸ்பீக்கருக்கு ஆபத்தில்லை" என்றும் சொல்வார்கள். என் மேஜைக்கு வருகிற கருகிய ட்வீட்டர்களில் (கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கர்) பாதிக்கு மேல், சின்ன ஆம்பை முழு வால்யூமில் முறுக்கி வறுத்தவை.

இப்போது பெட்டியைப் பார்ப்போம். முன்பக்கத் துணி கிரில்லைக் கழற்றச் சொல்லுங்கள். "அது கழறாது சார்" என்றால் பெரும்பாலும் ஏதோ இருக்கிறது. வூஃபர் (பாஸ் கொடுக்கிற பெரிய ஸ்பீக்கர்) கோனைச் சுற்றி இருக்கும் வளையத்தை, நாங்கள் எட்ஜ் என்போம், டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பராக இருந்தால் நிம்மதி. ஃபோமாக இருந்தால் வயதைக் கேளுங்கள். பத்துப் பதினைந்து வருஷத்தில் ஃபோம் தானாக மக்கும். நம் ஊர் புழுக்கத்தில் இன்னும் சீக்கிரம். ஒரு நாள்கூட பாடாமல் அலமாரியிலேயே இருந்திருந்தாலும் மக்கும். "யூஸே பண்ணலை சார், புதுசு மாதிரி" என்பது இங்கே செல்லாது. விரல் நுனியால் மெல்லத் தொட்டால் பொடியாக உதிரும், இல்லையென்றால் பிசுபிசுவென்று ஒட்டும். அதற்காக ஓடிவிட வேண்டாம். சரியான அளவு எட்ஜ் கிடைத்தால் மாற்றிவிடலாம், ஸ்பீக்கர் பழையபடி பாடும். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். ஏற்கெனவே பழைய கோனை எடுத்துவிட்டு லோக்கல் பேப்பர் கோன் போட்டு ரீகோன் செய்ததாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும். கோனின் எடை மாறினால் பாஸும் மாறிவிடும், பெட்டி அந்தக் கணக்குக்குச் செய்தது அல்ல.

அடுத்து, கோனின் நடுவில் இருக்கிற மூடிக்கு இரண்டு பக்கமும் விரல்களைச் சமமாக வைத்து மெதுவாக அமுக்கி விடுங்கள். ஓசையில்லாமல் போய் வர வேண்டும். கரகரவென்று உரசினால் உள்ளே இருக்கிற கம்பிச் சுருள் (வாய்ஸ் காயில்) வளைந்திருக்கிறது அல்லது கருகியிருக்கிறது. மல்டிமீட்டர் இருந்தால் ஒயரைக் கழற்றிவிட்டு டெர்மினலில் வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6 பக்கம் காட்டும், 4 ஓம் ஸ்பீக்கர் மூன்றரை பக்கம் காட்டும். அது சரிதான். "எட்டு போட்டிருக்கு, ஆறுதான் காட்டுது, டூப்ளிகேட்" என்று சண்டைக்குப் போகாதீர்கள், டி.சி. அளவு எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் மீட்டர் வூஃபரை மட்டும்தான் சொல்லும். ட்வீட்டருக்கு முன்னால் கெப்பாசிட்டர் உட்கார்ந்திருப்பதால் அது செத்திருந்தாலும் மீட்டருக்குத் தெரியாது. பாட்டைப் போட்டு, காதை ட்வீட்டர் பக்கத்தில் கொண்டுபோய்க் கேளுங்கள். ஒரு சமயத்தில் ஒரு ஸ்பீக்கர் மட்டும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒன்றில் ட்வீட்டர் செத்திருப்பதை இன்னொன்று மறைத்துவிடும். விற்கிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்று போட்டுக்கொண்டு 30லிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை நடுத்தர வால்யூமில் மெல்ல ஏற்றுங்கள். ஏதாவது லூசாக இருந்தால் அங்கேயே கிடுகிடுக்கும்.

பெட்டியின் அடிப்பாகத்தைப் பார்க்காமல் சென்னையில் எந்த ஸ்பீக்கரையும் வாங்கக் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தரைத்தளத்தில் நின்ற ஸ்பீக்கர்கள் இன்னும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. எம்.டி.எஃப். பலகை தண்ணீர் குடித்தால் உப்பும், பிறகு எவ்வளவு காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. கீழ் ஓரத்தில் விரலை ஓட்டினால் மேடு தட்டும். மேலே புது ஸ்டிக்கர் ஷீட் ஒட்டியிருந்தாலும் தட்டும். கீழ்வரிசை ஸ்க்ரூ மட்டும் துருப்பிடித்து, மேல்வரிசை பளிச்சென்று இருந்தால் தண்ணீர் எதுவரை நின்றது என்று தெரிந்துவிடும். காந்த இடைவெளியில் துரு ஏறிய வூஃபரை நானும் ஒன்றும் செய்ய முடியாது. சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். டார்ச் கையில் இருக்கும்போதே பாஸ் ஓட்டைக்குள்ளும் அடித்துவிடுங்கள். பல்லி முட்டை, கரப்பான் கூடு, காணாமல் போன ரிமோட் எல்லாம் எடுத்திருக்கிறேன். முட்டையைத் துடைத்துவிடலாம். எலி கடித்த ஒயர்தான் தொல்லை.

சப்வூஃபரில் ஸ்பீக்கரைவிட முதலில் போவது பின்னால் இருக்கிற ஆம்ப்தான். ஆட்டோ ஸ்டாண்ட்பையில் வருஷக்கணக்கில் 24 மணி நேரமும் லேசாகச் சூடேறிக்கொண்டே கிடந்திருக்கும், கெப்பாசிட்டர் உப்பிவிடும். எதையும் இணைக்காமல் ஆன் செய்து பத்து நிமிஷம் விடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் லேசான ஹம்மிங் கேட்கலாம், சோபாவரை கேட்டால் வேலை இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து யாரோ கொண்டுவந்ததா? வோல்ட்டேஜைப் படியுங்கள். அங்கே 120, ஜப்பானில் 100. நம் 230இல் செருகினால் ஒரு நொடியில் புகை. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டுத்தான் ஓட்ட வேண்டும், சப்புக்கு அது நல்ல கனமானதாக வேண்டும். சிங்கப்பூர், துபாய் சரக்கு 230 பக்கம்தான், பிளக்கை மாற்றினால் போதும். வீட்டில் நீங்களாகப் பின்தகட்டைக் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் கரன்ட் நிற்கும்.

எத்தனை இன்ச் என்று கேட்பீர்கள். பத்துக்குப் பத்து அறைக்கு எட்டு அல்லது பத்து இன்ச் போதும். காரிலிருந்து கழற்றிய பன்னிரண்டு இன்ச்சை பிளைவுட் பெட்டியில் போட்டு "ஹோம் தியேட்டர் பாஸ்" என்று விற்கிறார்கள். அது டிக்கிக்குள் முழங்கச் செய்தது, வீட்டில் எல்லா சீனையும் ஒரே மாதிரி 'தும் தும்' என்று அடிக்கும். அதுவும் பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் என்று சதுரமாகக் கட்டிய அறை இருக்கிறதே, அது சப்புக்குப் பிறவிப் பகை. மூன்று பக்கமும் ஒரே அளவு என்பதால் 56 ஹெர்ட்ஸ் பக்கம் மூன்றும் சேர்ந்து ஊதும். எந்த சப் வைத்தாலும் ஊதும். சப்பை மாற்றுவதற்கு முன்னால் இடத்தை மாற்றுங்கள். சப்பை நீங்கள் உட்காரும் சோபாவில் தூக்கி வைத்து, பாஸ் உள்ள பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். எங்கே பாஸ் தெளிவாக, அளவாகக் கேட்கிறதோ அங்கே சப்பை வையுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை. ரிசீவரில் (எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டுகிற ஆம்ப் பெட்டி) ஸ்பீக்கர்களை "ஸ்மால்" என்று வைத்து கிராஸ் ஓவரை, அதாவது எதற்குக் கீழே பாஸ் சப்புக்குப் போக வேண்டும் என்கிற எல்லையை, 80 ஹெர்ட்ஸில் விடுங்கள். முக்கால்வாசி வீட்டில் அது "லார்ஜ்"இல் கிடக்கிறது. பாவம், நாலு இன்ச் ஸ்பீக்கர் நாலு இன்ச்சுக்கு மீறிய வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

காசு குறைவாக இருந்தால் ஐந்து ஸ்பீக்கர் வாங்காதீர்கள். ஒரே மாடல் ஜோடி புக் ஷெல்ஃப் ஸ்பீக்கர் இரண்டு, நல்ல சப் ஒன்று போதும். சென்டரும் சரவுண்டும் அடுத்த போனஸில் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வாங்கலாமா என்று கேட்டு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறவர்கள், முன்பக்கம் நீல லைட் எரிகிற படத்தை அனுப்பாதீர்கள். பின்பக்க ஸ்டிக்கர், சாக்கெட்டுகள், கிரில் கழற்றிய வூஃபர், பெட்டியின் கீழ் ஓரம்: இந்த நாலு படம் அனுப்புங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அனுப்புங்கள்.