கல்லுக்குள் கத்திரிக்காய்க் குடும்பம்

இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை எப்படி எடுக்க வேண்டும் என்று வேலூர்ப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். உடம்பைப் பிடித்துத் தூக்க வேண்டும், காம்புப் பக்கம் கை வைத்தால் குத்திவிடும். அணைக்கட்டு வட்டாரத்து இந்தக் காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. போன வாரம் மார்க்கெட்டில் முள் குறைவாக இருந்த காய்களாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தேன். கடைக்கார அம்மா, "முள்ளு இருந்தாத்தான் கண்ணு இலவம்பாடி, அது இல்லன்னா வேற காய்" என்றார். காயின் நிறத்தையோ உருவத்தையோ அவர் சொல்லவில்லை. காம்புக்குக் கீழே காயை மூடியிருக்கும் அந்தப் பச்சைத் தொப்பியைப் பார்த்துத்தான் இனத்தைச் சொல்கிறார்.

பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய செடிகளைக் கல்லில் படித்துப் பெயர் வைக்கிறவர்களும் இதே தொப்பியைத்தான் தேடுகிறார்கள்.

பள்ளிக்கூடப் பாடத்தில் அதற்குப் புல்லிவட்டம் என்று பெயர். கத்திரிப் பூவைக் கவனித்திருப்பீர்கள். காய் பிடித்ததும் ஊதா இதழ் வாடி உதிர்ந்துவிடும், நடுவில் இருக்கும் மஞ்சள் மகரந்தத் தாள்களும் கூடவே போய்விடும், புல்லிவட்டம் மட்டும் போகாமல் காயோடு சேர்ந்து வளரும். தக்காளியின் தலையில் நட்சத்திரம் போல விரிந்திருப்பதும், பச்சை மிளகாயின் காம்படியில் சின்னக் குல்லா போல இருப்பதும் அதுதான். வயல் வரப்பில் முளைக்கும் சொடக்குத் தக்காளி எல்லாவற்றையும் விட ஒரு படி மேலே போய், அந்தத் தொப்பியையே காகிதப் பை மாதிரி ஊதிப் பழத்தை முழுசாக மூடிக்கொள்ளும். சின்ன வயதில் அதைப் பறித்து நெற்றியில் அடித்துச் சொடக்கு விட்டது இந்தப் பக்கம் வளர்ந்த எல்லோருக்கும் நினைவிருக்கும். இவை எல்லாம் ஒரே குடும்பம். மணத்தக்காளியும் உருளைக்கிழங்கும் ஊமத்தையும்கூட இதில் அடக்கம்.

சொடக்குத் தக்காளியின் சொந்தக்காரச் செடி ஒன்று, தொப்பியும் பழமுமாக, தென்னமெரிக்காவில் அர்ஜென்டினாவின் படகோனியாவில் கல்லில் கிடைத்தது. லகூனா டெல் ஹூங்கோ என்ற இடம், ஒரு காலத்தில் எரிமலை வாய்க்குள் இருந்த ஏரி. வயது 5 கோடியே 20 லட்சம் ஆண்டு. பீட்டர் வில்ஃப் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் 2017 ஜனவரியில் அதை விவரித்து வெளியிட்டார்கள். படத்தைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தட்டையாக நசுங்கிய காகிதக் கூடு, அதில் ஓடும் நரம்புகள், நரம்பிலிருந்து பிரியும் கிளை நரம்புகள், உள்ளே கரியாகிப்போன உருண்டைப் பழம், எல்லாம் அப்படியே இருக்கிறது. காய்ந்த சொடக்குத் தக்காளியை ஒரு நோட்டுக்குள் வைத்து மூடி மறந்துவிட்டு அப்புறம் எடுத்துப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. பைசாலிஸ் இன்ஃபினிமுண்டி என்று பெயர் வைத்தார்கள், உலகத்தின் கடைக்கோடியில் உள்ளது என்று அர்த்தம்.

இதில் என்ன பெரிய விஷயம் என்றால், அதுவரைக்கும் இந்தச் சொடக்குத் தக்காளிக் கூட்டம் சுமார் 1 கோடி ஆண்டுக்கு முன்னால்தான் தோன்றியது என்று கணக்கு இருந்தது. இன்றைய செடிகளின் டிஎன்ஏவை ஒப்பிட்டு, எத்தனை மாற்றம் சேர்ந்திருக்கிறது என்று எண்ணி, எத்தனை காலம் ஆகியிருக்கும் என்று பின்னோக்கிப் போடும் கணக்கு அது. வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது என்று தெரிந்தால்தான் போன தூரத்தை வைத்து நேரம் சொல்ல முடியும். அந்த வேகத்தைச் சரிபார்க்க வழியில் மைல்கல் வேண்டும், புதைபடிவம்தான் அந்த மைல்கல். இந்தக் குடும்பத்தின் செடிகள் பெரும்பாலும் மெல்லிய தண்டு, சாறுள்ள பழம். அவை கல்லாவது அரிது, அதனால் மைல்கல்லே இல்லாமல் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நசுங்கிய இரண்டே இரண்டு காகிதக் கூடுகள் வந்து அந்தக் கணக்கை 4 கோடி ஆண்டுக்கு மேல் பின்னால் தள்ளிவிட்டன.

அப்புறம் 2023-இல் மிளகாய். அமெரிக்காவின் கொலராடோவில், பசும் ஆற்றுப் படிவுகள் என்று சொல்லப்படும் பழைய ஏரிப் பாறைகளிலிருந்து எடுத்து அருங்காட்சியகத்தில் வைத்திருந்த ஒரு கல்லில், குறைந்தது 5 கோடி ஆண்டு பழைய காய். அதன் தொப்பியின் விளிம்பில் கூர்மையான பற்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கத்திரிக்காய்க் குடும்பத்தில் ஆயிரக்கணக்கான இனங்கள் இருந்தாலும் அப்படிப்பட்ட பல் உள்ளவை கொஞ்சம்தான், அவை மிளகாயின் நெருங்கிய கூட்டம். ரோசியோ தியன்னா என்ற தாவரவியலாளரும் கூட இருந்தவர்களும் அதை வைத்து லைசியாந்தாய்டஸ் கேலிசினா என்று புதுப்பெயர் கொடுத்தார்கள். மிளகாய்க் கூட்டம் தென்னமெரிக்காவில், அதிகம் போனால் ஒன்றரைக் கோடி ஆண்டுக்கு முன் தோன்றியது என்ற எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது.

சரி, இலை எப்படிக் கல்லாகிறது? இதைப் பார்க்க படகோனியா போக வேண்டியதில்லை, கோடையில் ஏதாவது ஒரு ஏரிக்குள் இறங்கினால் போதும். மழைக்காலத்தில் வந்து படிந்த வண்டல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும். ஒரு பாளத்தைப் பெயர்த்து விளிம்பில் நகம் வைத்துப் பிரித்துப் பாருங்கள், அடுக்கடுக்காக உரியும். அதிர்ஷ்டம் இருந்தால் நடுவில் ஒரு புங்க இலை. போன மாதம் எனக்கு அப்படி ஒன்று கிடைத்தது. இலை மக்கிப் பழுப்புத் தூளாகியிருந்தது, ஊதினால் பறந்துவிட்டது. ஆனால் மண்ணில் அதன் நடு நரம்பும் பக்க நரம்புகளும் விளிம்பில் ஏதோ பூச்சி கடித்த அரைவட்டமும் அச்செடுத்த மாதிரி பதிந்திருந்தன.

ஏரி வற்றினால் கதை அதோடு முடிந்துவிடும். வற்றாத ஆழமான ஏரியாக இருந்தால் வேறு மாதிரி நடக்கும். அடியில் காற்றோட்டம் இல்லாததால் கிருமிகள் இலையை முழுசாகத் தின்ன முடியாது. மேலே மேலே வண்டல் விழுந்துகொண்டே இருக்கும், பாரம் ஏற ஏறத் தண்ணீர் பிழிந்து வெளியேறும், இலையில் இருந்த மற்றதெல்லாம் போய்க் கரி மட்டும் மெல்லிய கறுப்புப் படலமாக நிற்கும், சுற்றியுள்ள சேறு இறுகித் தட்டுத் தட்டாகப் பிளக்கும் களிப்பாறை ஆகும். படகோனியாக் கூடு இந்த வகை. இன்னொரு வகையில் சிலிகா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள், கரைந்த தண்ணீர் மரத்தின் ஒவ்வொரு நுண்ணறைக்குள்ளும் புகுந்து அங்கேயே கெட்டியாகிவிடும். திண்டிவனம் பக்கம் திருவக்கரையில் கிடக்கும் கல்மரங்கள் அப்படி ஆனவை, சுமார் 2 கோடி ஆண்டு வயது. இங்கிருந்து பௌர்ணமிக்கு வக்கிரகாளியம்மனைப் பார்க்கப் போகிறவர்கள் பலர், கோயிலுக்குக் கிட்டத்திலேயே இருக்கும் அந்தப் பூங்காவுக்குள் நுழைவதில்லை. நுழைந்தால் ஒன்றைக் கவனியுங்கள், அங்கே கிளையோ வேரோ பட்டையோ உள்ள மரம் கிடைக்காது. ஏதோ ஒரு வெள்ளத்தில் உருண்டு, எல்லாம் உரிந்து, வந்து புதைந்தவை என்று அதிலிருந்துதான் தெரிந்துகொள்கிறார்கள். கட்டையைக் காகிதத்தை விட மெல்லிசாக, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் மரக்குழாய்கள் வரிசை வரிசையாகத் தெரியும். அந்த வரிசையை வைத்துத்தான் எந்தக் குடும்பத்து மரம் என்று சொல்கிறார்கள்.

வேலூரிலேயே தேடலாமா என்று கேட்பவர்களுக்கு, வேண்டாம். நம் மலைகளின் கருங்கல் பூமிக்குள் ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் உருவானது, வயது சுமார் 250 கோடி ஆண்டு. நிலத்தில் செடி வந்தே 50 கோடி ஆண்டு ஆகவில்லை. கல்குவாரியில் பாறை பிளக்கும்போது விரிசலில் பெரணி இலை போலக் கறுப்பாக ஒரு படம் தெரியும், அதை எடுத்து வந்து 'கல்லுக்குள் செடி' என்று காட்டுகிறவர்கள் உண்டு. அது விரிசல் வழியே ஊறிய தண்ணீர் விட்டுப்போன மாங்கனீசு ஆக்சைடு, கிளை கிளையாகப் படிந்தது. உற்றுப் பார்த்தால் நடு நரம்பு இருக்காது, இலை விளிம்பும் இருக்காது.

இப்படி உருவம் பார்த்து ஏமாறுவது படித்தவர்களுக்கும் நடக்கிறது. கொலம்பியாவில் ஒரு பாதிரியார் சேகரித்த இரண்டு சின்னக் கற்களில் விசிறி மாதிரி கோடுகள் இருந்தன. 2003-இல் அவற்றை ஒரு செடியின் இலை என்று பெயர் வைத்து வெளியிட்டார். ஆனால் அந்தச் செடிக்கூட்டம் அந்தப் பாறை உருவாவதற்கு 10 கோடி ஆண்டுக்கு முன்பே அற்றுப்போனது. அந்த உறுத்தல்தான் மற்றவர்களைத் திரும்பப் பார்க்க வைத்தது. 2023 டிசம்பரில் விடை வந்தது. அவை இலையே இல்லை, ஆமைக் குஞ்சுகளின் ஓடு, இலை நரம்பு என்று நினைத்தது எலும்பு வளர்ந்த கோடு. நம் நாட்டிலும் மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்கா குகை மேற்கூரையில் 55 கோடி ஆண்டு பழைய விலங்கு என்று 2021-இல் அறிவித்த ஒரு பதிவு, இரண்டே ஆண்டில் மலைத்தேனீ கட்டி விட்டுப்போன கூட்டின் மிச்சம் என்று தெரிந்தது. நேரில் போய்ப் பார்த்தவர்கள் அது உரிந்துகொண்டிருப்பதைக் கண்டார்கள். முதலில் அறிவித்தவரே பிழையை ஒப்புக்கொண்டார், அதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. ஜவ்வாது மலைத் தேன் எடுக்கிறவர் யாராவது கூட இருந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

என்னை ரொம்ப யோசிக்க வைத்தது 2024 நவம்பரில் வந்த இன்னொரு செடி. அமெரிக்காவின் யூட்டாவில், இன்று ஆளில்லாமல் கிடக்கும் ரெயின்போ என்ற ஊர் பக்கத்தில், 4 கோடியே 70 லட்சம் ஆண்டு பழைய இலைகள் முன்பே கிடைத்திருந்தன. 1969-இல் அவற்றை ஜின்செங் என்ற மருந்து வேர்ச் செடியின் குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். கையில் இருந்தது இலை மட்டும், அதைப் பல சிற்றிலை கொண்ட கூட்டிலையின் துண்டு என்று நினைத்துவிட்டார்கள், நம் வேப்பிலை ஈர்க்கில் ஒரே ஒரு சிற்றிலை மட்டும் கையில் கிடைத்தால் தனி இலை எது, துண்டு எது என்று குழம்புவோம் அல்லவா, அதே குழப்பத்தின் மறுபக்கம். பல ஆண்டு கழித்து ஸ்டீவன் மான்செஸ்டர் என்பவர் கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் சேகரிப்பில் பெயரில்லாமல் இருந்த ஒரு கல்லைப் பார்க்கிறார். அதே இலை, ஆனால் குச்சியோடு, பூவோடு, பழத்தோடு. இலைகள் குச்சியில் நேராக ஒட்டியிருந்தன, கூட்டிலை இல்லை. அதோடு ஜின்செங் கதை முடிந்தது. அப்புறம் நல்ல நுண்ணோக்கியில் பார்த்தபோது, விதை முற்றிய பழத்திலும் மகரந்தத் தாள்கள் உதிராமல் நின்றிருந்தன. கத்திரியில் பூவோடு போய்விடும் என்று மேலே சொன்னேனே, அவைதான். மாதுளையின் கிரீடத்துக்குள் காய்ந்த தாள்கள் நிற்பது உண்டு. ஆனால் இந்த இலை, இந்தப் பழம், இந்தத் தாள் மூன்றும் ஒன்றாகப் பொருந்துகிற குடும்பம், இன்று உயிரோடு உள்ள நானூறுக்கு மேற்பட்ட பூக்கும் தாவரக் குடும்பங்களில் ஒன்றுகூட இல்லை. ஒத்னியோஃபைட்டான், அதாவது அந்நியச் செடி என்று பெயர் வைத்து, எந்தக் குடும்பத்திலும் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். தெரியாததை வலிந்து ஒரு பெட்டிக்குள் திணிக்காமல் விட்டது எனக்குப் பிடித்திருந்தது.

தனித்தனியாகக் கிடைத்த உறுப்புகளை ஒரே செடியாகச் சேர்க்கும் வேலையை நம் நாட்டில் பீர்பால் சாஹ்னி என்ற தொல்தாவரவியலாளர் 1932-இலேயே செய்திருக்கிறார். ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலையில் கிடைத்த தண்டுக்கு பக்லாண்டியா, இலைக்கு டைலோஃபில்லம், பூவுக்கு வில்லியம்சோனியா என்று தனித்தனிப் பெயர். பார்ப்பதற்கு நம் ஈச்சங்கன்று போலவோ சைக்கஸ் போலவோ இருந்து அற்றுப்போன செடி அது. மூன்றும் ஒரே செடியின் உறுப்புகள் என்று காட்டி முழுச் செடியையும் வரைந்து கொடுத்தார். தொல்தாவரவியலில் இப்படி உறுப்புக்கு ஒரு பெயர் வைப்பது இன்றும் வழக்கம்தான், இணைந்த துண்டு கிடைக்கும் வரைக்கும் வேறு வழி கிடையாது.

அந்த டைலோஃபில்லம் இலை நமக்கும் பக்கத்தில்தான் இருக்கிறது. வேலூரிலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் போகும்போது காஞ்சிபுரம் தாண்டி வரும் ஸ்ரீபெரும்புதூரின் பெயரில் ஒரு பாறை அடுக்கே உண்டு, டைனோசர் காலத்துச் சேறு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட் பாலாற்றுக்கு வடக்கே மதராஸ், வட ஆர்க்காடு மாவட்டங்களில் நடந்து நடந்து பாறைகளைப் பதிவு செய்து 1873-இல் அறிக்கை வெளியிட்டார், 1879-இல் அதே துறையின் ஃபைஸ்ட்மான்டெல் இந்தக் கடற்கரை அடுக்குகளின் செடிகளை விவரித்தார். இன்று அந்த அடுக்கின் மேல் தொழிற்சாலைகள்.

அந்தப் பக்கம் கிணறோ அஸ்திவாரமோ தோண்டும்போது வெளிறிய களிப்பாறை தட்டுத் தட்டாகப் பிளந்து உள்ளே இலை தெரிந்தால், தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், கரிப் படலம் போய்விடும். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுங்கள், எந்த இடம், எத்தனை அடி ஆழம் என்று எழுதி வையுங்கள். முக்கியமாக, பிளந்த கல்லின் இரண்டு பாதியையும் வைத்திருங்கள். ஒரு பாதியில் இலை இருந்தால், அது எந்தக் காம்பில் ஒட்டியிருந்தது என்பது பெரும்பாலும் மறுபாதியில்தான் இருக்கும்.