ஏலியனும் பராதீனமும்

"மேற்படி சொத்தின் பேரில் யாதொரு முன் வில்லங்கமோ பராதீனமோ கிடையாது." கிருஷ்ணகிரியில் பத்திரம் எழுதுகிற மேசைப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றால் இந்த வரி காதில் விழும். முப்பது வருடமாக நானும் இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். போன மாதம் அக்கா பேத்தி நூலகத்திலிருந்து ஒரு விண்வெளி நாவலை எடுத்துவந்து, "தாத்தா, ஏலியனுக்குச் சரியான தமிழ் என்ன?" என்று கேட்டாள். என் வாயில் முதலில் வந்தது 'பராதீனம்'. அவள் சிரித்துவிட்டாள். ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

லத்தீனில் 'அலியுஸ்' என்றால் வேறு, மற்றது. அதிலிருந்து வந்த 'அலியேனுஸ்' என்றால் பிறருக்கு உரியது. சொத்தைப் பிறர் கைக்கு மாற்றிவிடுவது ஆங்கிலச் சட்டத்தில் ஏலியனேஷன். அதற்குப் பத்திரத் தமிழில் நிலைத்துவிட்ட சொல்தான் பராதீனம்: பரர் வசமாவது. காவல் நிலையத் தாள்களில் ஒரு பெயருக்கும் பட்டப்பெயருக்கும் நடுவே 'என்கிற' என்று வருமே, அதற்கு ஆங்கிலத்தில் போடும் 'அலையஸ்' அதே குடும்பம். சம்பவத்தின்போது நான் வேறிடத்தில் இருந்தேன் என்று சாதிக்கும் 'அலிபி'யும் அதன் பங்காளி.

வெளிநாட்டார் என்ற பொருளில் ஏலியன் சட்டத்தில் வெகுகாலமாகப் புழங்குகிறது. நம் அரசமைப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, கைதானவருக்குக் கொடுக்கும் பாதுகாப்பு 'எனிமி ஏலியன்' ஒருவருக்குக் கிடையாது என்கிறது. பகைநாட்டுக் குடிமகனைத்தான் சொல்கிறது, பறக்கும் தட்டில் வந்தவனை அல்ல. வானத்திலிருந்து வருகிறவர் என்ற பொருளை அந்தச் சொல்லின் தலையில் ஏற்றியவை 20ஆம் நூற்றாண்டின் அறிவியல் கதைகள்.

தமிழில் எல்லோருக்கும் தெரிந்தது வேற்றுக்கிரகவாசி. முதல் பாதி நம்முடையது: வேற்றூர், வேற்றாள் என்பதில் வரும் அதே 'வேற்று'. ஓசூர்ச் சந்தையில் தெலுங்குக்காரர் 'வேரே' என்பதும் கன்னடக்காரர் 'பேரே' என்பதும் இதன் உடன்பிறப்புகள். கிரகம் வடசொல், 'பிடிப்பது' என்று பொருள். அதற்கு ஈடான தமிழ்க் 'கோள்' பிறந்ததும் கொள்ளுதலிலிருந்தே. (கெட்ட நேரத்தில் "என்ன கிரகமோ, பிடித்து ஆட்டுது" என்கிறோமே, சொல்லின் பழைய பொருள் இன்னும் போகவில்லை.) வாசி என்றால் வசிப்பவர்.

எனக்கு உறுத்துவது இந்த 'வாசி'தான். ஏன் என்று சொல்ல ஒரு வாய்க்கால் கதை வேண்டும்.

1877இல் இத்தாலிய வானியலாளர் ஷியாபரெல்லி தொலைநோக்கியில் செவ்வாயைப் பார்த்து, அங்கே கோடு கோடாகத் தெரிந்தவற்றுக்குக் 'கனாலி' என்று பெயர் வைத்தார். இத்தாலியத்தில் அந்தச் சொல் தானாக அமைந்த நீர்வழிக்கும் பொருந்தும், வெட்டியதற்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் அது 'கனால்' ஆனது, அதாவது வெட்டிய வாய்க்கால். எங்கள் பக்கத்து விவசாயியிடம் இந்த வித்தியாசத்தை விளக்கவே வேண்டாம். மழைக்கு மலையிலிருந்து இறங்கி வருவது ஓடை, கே.ஆர்.பி. அணையிலிருந்து வயலுக்குப் போவது வாய்க்கால். ஓடைக்கு மழை போதும். வாய்க்கால் என்றால் மண்வெட்டி பிடித்தவன் ஒருவன் இருந்தாக வேண்டும். அமெரிக்கர் பெர்சிவல் லோவல், வறண்டுவரும் செவ்வாயில் அறிவுள்ளவர்கள் வெட்டிய பாசனம் அது என்று 1895இல் புத்தகமே எழுதினார். 1898இல் எச்.ஜி.வெல்ஸின் நாவலில் செவ்வாய்க்காரர்கள் படையெடுத்தே வந்துவிட்டார்கள். 1965இல் மரைனர் 4 என்ற விண்கலம் செவ்வாய்க்குப் பக்கத்தில் போய் எடுத்த படங்களில் இருந்தவை பள்ளங்கள். வாய்க்காலும் இல்லை, வெட்டியவனும் இல்லை.

'வாசி'யும் இதே வேலையைத்தான் செய்கிறது. குடியிருக்கிற ஆளை முன்கூட்டியே உள்ளே உட்கார வைத்துவிடுகிறது. இன்றைய ஆய்வாளர்கள் தேடுவதோ பெரும்பாலும் நுண்ணுயிரை, அல்லது அது விட்டுச்சென்ற தடயத்தை. தேடும் இடமும் எப்போதும் கிரகம் அல்ல. யூரோப்பா வியாழனின் நிலா, என்செலடஸ் சனியின் நிலா. பனிக்கட்டிக்கு அடியில் ஒரு பாக்டீரியா அகப்பட்டால் அதை வேற்றுக்கிரகவாசி என்று எப்படிச் சொல்வது? தெலுங்கின் 'கிரஹாந்தரவாசி'க்கும் இதே சிக்கல். கன்னடம் 'அன்யகிரஹ ஜீவி' என்று பாதி தப்பித்துக்கொண்டது.

அயலார் என்று வைக்கலாமே என்பார்கள். அயல் என்றால் எங்களுக்கு அடுத்த வீட்டுச் சுவர். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனே 4.2 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது; அவ்வளவு தூரத்துக்கு அயல் ஒட்டாது.

ஆகவே பேத்திக்கு இப்படிச் சொன்னேன். பொதுவாக எழுதும்போது வேற்றுலக உயிர். புத்தகத்தில் அது பேசினால், சைகை அனுப்பினால், கப்பல் ஓட்டினால் வேற்றுலகர். வேற்றுக்கிரகவாசி பழகிய சொல், பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும்.

அவளுக்கு வேறு ஒரு ஆத்திரம். வேற்றுலகர் யாராவது கேட்கட்டும் என்று 1977இல் வாயேஜர் விண்கலங்களோடு அனுப்பிய தங்க ஒலித்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. ஓசூரில் புழங்கும் மூன்று மொழிகளில் தெலுங்கும் கன்னடமும் அதில் உண்டு, தமிழ் இல்லை. "அப்போ நாமதான் ஏலியனா தாத்தா?" என்றாள். அலியுஸ் என்பதன் பொருளை அவள் சரியாகத்தான் பிடித்திருக்கிறாள்.