மெமரி நிறைந்தது போலத் தெரிந்தால் ஐநோடு கேச்சைத் துடைக்காதீர்கள்

தரமணி முதல் சிறுசேரி வரை நான் பார்த்த சர்வர்கள் பலவற்றின் கிரான் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டுவது) பட்டியலில் ஒரு வரி கிடக்கும்: மணிக்கு ஒருமுறை டிராப் கேச்சஸ் ஃபைலில் 3 என்று எழுதி மெமரியைக் ‘கிளியர்’ பண்ணுவது. எப்போதோ வேலையை விட்டுப் போனவர் வைத்த வரி. எடுத்தால் என்ன ஆகுமோ என்று யாரும் கை வைப்பதில்லை. லினக்ஸ் சர்வர் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று பார்ப்பதுதான் என் தொழில். என்னைக் கேட்டால் அந்த வரியை இன்றைக்கே எடுத்துவிடலாம்.

அது துடைப்பதில் முக்கியமான ஒன்று ஐநோடு கேச், அதாவது டிஸ்க்கிலிருந்து படித்த ஐநோடுகளை மெமரியிலேயே வைத்திருக்கும் இடம். ஃபைலின் பெயரையும் உள்ளடக்கத்தையும் விட்டால் மீதியெல்லாம் ஐநோடில் இருக்கிறது: சொந்தக்காரர், அனுமதி, அளவு, நேரம், டேட்டா டிஸ்க்கில் எங்கே கிடக்கிறது என்ற விவரம். இஎக்ஸ்டி4 என்ற ஃபைல் சிஸ்டத்தில் ஒரு ஐநோடு டிஸ்க்கில் பொதுவாக 256 பைட். மெமரிக்கு வந்ததும் லாக் (ஒரே நேரத்தில் இருவர் மாற்றாமல் தடுக்கும் பூட்டு), பட்டியல் இணைப்புகள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 1 கேபி ஆகிவிடும். 40 லட்சம் ஃபைல்களை ஒரு பேக்கப் தொட்டுவிட்டுப் போனால் 4 ஜிபி தீர்ந்துவிடும். பார்த்தவருக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

ஆனால் அந்த 4 ஜிபி சும்மா குவிந்து கிடக்கவில்லை. பாடம் நடத்த எழுதிய எக்ஸ்வி6 என்ற சின்னக் கெர்னலில் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) மெமரியில் ஐநோடுகள் நிற்கும் டேபிளில் 50 இடம்தான். ஒன்றாம் இடத்திலிருந்து வரிசையாகத் தேடும். 50-க்கு அது போதும், 40 லட்சத்துக்கு நடக்காது. அதனால் லினக்ஸ் ஹாஷ் டேபிள் வைத்திருக்கிறது. எந்த ஃபைல் சிஸ்டம், எந்த ஐநோடு எண் என்ற இரண்டையும் கலந்து ஒரு எண்ணாக்கி, அந்த எண்ணுள்ள பக்கெட்டில் மட்டும் தேடும். தபால் நிலையத்தில் தெரு வாரியாகப் பிரித்த அறைகளில் நம் தெருவின் அறையை மட்டும் பார்ப்பது மாதிரி. ஃபைல் சிஸ்டத்தையும் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டு இஎக்ஸ்டி4 பார்ட்டிஷன் இருந்தால் இரண்டிலும் ரூட் டைரக்டரியின் ஐநோடு எண் 2-தான். (எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டம் இந்தப் பொது டேபிளை நம்பாமல் தனக்கென ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. அது தனிக் கதை.)

டேபிளின் அளவு பூட் ஆகும்போதே மெமரியைப் பார்த்து முடிவாகிறது, பிறகு வளராது. 8 ஜிபி மெஷினில் பூட் ஆகும்போது எழுதப்படும் பதிவைப் பார்த்தால் ஐநோடு கேச்சுக்கு 524288 பக்கெட் என்று இருக்கும். அதாவது 16 கேபி மெமரிக்கு ஒரு பக்கெட். 32 ஜிபி மெஷினில் 40 லட்சம் ஐநோடு ஏறினாலும் ஒரு பக்கெட்டில் சராசரியாக இரண்டுதான் நிற்கும். தேடலுக்கு நேரமே ஆகாது.

எனக்கு இதில் பிடித்த இடம் வேறு. ஒரே ஃபைலை இரண்டு பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) ஒரே நேரத்தில் கேட்டு, அது கேச்சில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஆளுக்கொரு நகலை மெமரியில் உருவாக்கிவிட்டால், ஒன்று எழுதியதை இன்னொன்று அழித்துவிடும். அதனால் கெர்னல் புது ஐநோடுக்கு இடம் ஒதுக்கிய பிறகு, லாக்கைப் பிடித்துக்கொண்டு பக்கெட்டை மறுபடி ஒருமுறை பார்க்கிறது. இடைப்பட்ட நேரத்தில் வேறு யாரும் நுழைத்திருந்தால் தன்னுடையதைத் தூக்கிப் போட்டுவிட்டு அவர்களுடையதை எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் ‘புதுசு’ என்ற கொடியோடு உள்ளே வைத்துவிட்டு டிஸ்க்கைப் படிக்கப் போகும். மற்றவர்கள் அந்தக் கொடி இறங்கும் வரை காத்திருப்பார்கள். வேகத்துக்காக மட்டும் வைத்ததல்ல இந்த டேபிள். ஒரு ஃபைலுக்கு மெமரியில் ஒரே ஐநோடு என்பதற்கும் இதுதான் காவல்.

கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனம். ஸ்கேன் செய்த ஆவணங்கள், பக்கத்துக்கு ஒரு ஃபைல், லட்சக்கணக்கில். “சார், மணிக்கு மணி கொஞ்ச நேரம் அப்படியே நின்னுடுது சார், அப்புறம் தானா சரியாயிடுது” என்றார் அங்கே சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பையன். கெர்னலின் பதிவைத் திறந்தால் மணிக்கு ஒரு வரி: பாஷ் (கட்டளைகளை ஓட்டும் புரோகிராம்), பிராசஸ் எண், டிராப் கேச்சஸ் 3. அந்த ஃபைலில் எந்தப் பிராசஸ் எழுதினாலும் பொதுவாகக் கெர்னல் இப்படிப் பெயரோடு பதிந்து வைக்கும். “அது மெமரி தொண்ணூறு தாண்டுதுன்னு அலர்ட் வருது சார், அதான் கிளியர் பண்றோம்.” கண்காணிப்பு ஸ்கிரிப்ட் செலவான மெமரியிலிருந்து பேஜ் கேச்சைக் (ஃபைல்களின் உள்ளடக்கம் நிற்கும் இடம்) கழித்திருந்தது, ஸ்லாபைக் (கெர்னல் தன் சொந்த விவரங்களை வைக்கும் மெமரி) கழிக்கவில்லை. ஐநோடுகள் இருப்பது ஸ்லாபில். கெர்னல் தேவைப்பட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளும் மெமரியை அது செலவாகிப்போனதாகக் கணக்குக் காட்டியிருக்கிறது.

துடைத்த மறு நொடியிலிருந்து ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்க்குக்குப் போக வேண்டும். ஹார்டு டிஸ்க்கில் சிதறிக் கிடப்பதைப் படிக்க ஒவ்வொன்றுக்கும் 10 மில்லிசெகண்ட் அளவில் ஆகும். விநாடிக்கு நூறு சொச்சம்தான். 4 கேபி பிளாக்கில் 16 ஐநோடு இருப்பதால் அக்கம்பக்கத்து ஃபைல்கள் சேர்ந்து வரும், அது ஒரு சின்ன ஆறுதல். பழைய கெர்னல்களில் ஐநோடு வெளியேறும்போது அந்த ஃபைலின் டேட்டா பேஜும் கூடவே போய்விடும். 2024 ஜூனோடு ஆதரவு முடிந்தும் சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸை இன்னும் ஓட்டுபவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

கிரான் வரியை எடுத்தோம். அலர்ட்டை மெம்அவைலபிள் எண்ணுக்கு மாற்றினோம். திரும்ப எடுக்கக்கூடிய ஸ்லாபையும் சேர்த்துக் கணித்துச் சொல்லும் இந்த எண் 3.14 கெர்னலிலிருந்தே இருக்கிறது. நிற்பது நின்றது.

நிஜமாகவே ஐநோடு கேச் அதிகம் என்று தோன்றினால் ஸ்லாப்டாப் என்ற கட்டளையில் இஎக்ஸ்டி4 ஐநோடு கேச், டென்ட்ரி (ஃபைல் பெயரை ஐநோடோடு இணைப்பது) இரண்டையும் பாருங்கள். பிறகு விஎஃப்எஸ் கேச் பிரஷர் என்ற அமைப்பு. வழக்கமான மதிப்பு 100. ஏற்றினால் ஐநோடுகளைச் சீக்கிரம் விடும், இறக்கினால் அதிக நேரம் வைத்திருக்கும். 0 மட்டும் வேண்டாம், கெர்னல் அவற்றை விடவே விடாது, மெமரி தீர்ந்து பிராசஸ்கள் கொல்லப்படலாம். திரும்ப எடுக்க முடியாத ஸ்லாப் நாளுக்கு நாள் ஏறினால் அது வேறு வியாதி. டிராப் கேச்சஸ் அதைத் தொடாது.

நானும் அந்தக் கட்டளையை அடிப்பதுண்டு, டெஸ்ட் மெஷினில். கேச் காலியாக இருக்கும்போது ஒரு அப்ளிகேஷன் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளக்க வேண்டுமானால், முதலில் சிங்க் (மெமரியில் நிற்கும் மாற்றங்களை டிஸ்க்கில் எழுதவைக்கும் கட்டளை), பிறகு 3.