ஸ்கேலைப் பைக்குள் வையுங்கள்

போன மாதம் ஊத்தங்கரைப் பக்கம் ஒரு பள்ளிக் கண்காட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தொலைநோக்கியில் செல்போனைப் பொருத்தி எடுத்த சுவாதி நட்சத்திரப் படம். ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறான் பையன்: 14 மில்லிமீட்டர். பக்கத்து மங்கல் நட்சத்திரம் 3. “ஆகவே சுவாதி ஏறக்குறைய ஐந்து மடங்கு பெரியது.” “நான்தான் சார் சொல்லிக் கொடுத்தேன்” என்றார் ஆசிரியர். இந்த வருடம் எனக்கு இது நான்காவது.

ஐயா, அது நட்சத்திரத்தின் உடம்பு இல்லை. வெளிச்சம் வழிந்த கறை. இன்னும் இரண்டு விநாடி கூடுதலாகப் படமெடுங்கள், கறை பெருக்கும். அதற்குள் நட்சத்திரம் கொழுத்துவிட்டதா? சுவாதி சூரியனைப் போல 25 மடங்கு அகலமான ராட்சதன்தான். ஆனால் நமக்குத் தெரியும் அளவு, சென்னையில் வைத்த ஒரு ரூபாய் நாணயத்தைக் கிருஷ்ணகிரியிலிருந்து பார்ப்பது மாதிரி. காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியில் பார்த்தாலும், காற்றின் நடுக்கத்தில் அது வெறும் புள்ளிதான். பல தொலைநோக்கிகளை இணைத்து அளக்கும் வித்தை தனிக்கதை, பள்ளிக்கூடத்தில் நடக்காது.

ராட்சதனை அளக்கக் கடிகாரம் வேண்டும். ராத்திரி தொப்பூர் கணவாயில் ஒரு லாரி எதிர்க்கடை விளக்கை மறைத்துக்கொண்டு போகிறது. வேகமும் மறைத்த நேரமும் தெரிந்தால் லாரியின் நீளம் வந்துவிடும். கிரகண இரட்டை நட்சத்திரங்களிலும், அதாவது ஒன்றையொன்று சுற்றிவந்து மாறி மாறி மறைக்கும் ஜோடிகளிலும், இதே கணக்குதான். வேகம் நிறமாலையிலிருந்து (ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பார்ப்பது), நேரம் ஒளி வளைவிலிருந்து (வெளிச்சம் நேரத்தோடு எப்படி ஏறி இறங்குகிறது என்ற வரைபடம்). ஜோடியில் இரண்டு நட்சத்திரங்களின் வேகமும் கிடைத்தால் நிறையும் கூடவே வரும்.

ஸீட்டா ஆரிகே என்ற கிரகண ஜோடியைப் பாருங்கள். 972 நாளுக்கு ஒரு சுற்று. ராட்சதனுக்குப் பின்னால் போகும் சின்ன நீல நட்சத்திரம் ஒரு மாதத்துக்கும் மேல் முழுதாக மறைந்திருக்கும். நம் சூரியன் இடத்தில் அந்த ராட்சதனை வைத்தால் புதன் அதன் வயிற்றுக்குள். இதில் ஒரு வேடிக்கை: வெறுங்கண்ணுக்கு மங்கல் லேசாகத்தான் தெரியும், நீல வடிகட்டி போட்டால்தான் ஒளி வளைவில் பள்ளம் ஆழமாக விழும். “மங்கவே இல்லையே சார்” என்று போன் செய்பவர்கள் கவனிக்க. இப்படிப்பட்ட 20 ராட்சத ஜோடிகளை அளந்துதான் 2019இல் நம் பால்வெளிக்குப் பக்கத்து விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தின் தூரத்தை ஒரு சதவீதத் துல்லியத்தில் சொன்னார்கள்.

பிள்ளைகளுக்கு அல்கால் என்ற கிரகண ஜோடி போதும். 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒரு முறை மங்கும். ஐந்து மணி நேரம் இறக்கம், ஐந்து மணி நேரம் ஏற்றம். அரை மணிக்கொரு முறை குறியுங்கள், நிமிடத்தோடு. செல்போன் கேமராவை ஆட்டோ அமைப்பில் விடாதீர்கள், அதுவாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக் கெடுத்துவிடும். பக்கத்து நட்சத்திரத்தோடு ஒப்பிடாமல் எதுவும் எழுதாதீர்கள்: மாந்தோப்பில் மார்கழிப் பனி லென்ஸில் படிந்தால் எல்லா நட்சத்திரத்துக்கும்தான் கிரகணம்!

அப்புறம், ஆசிரியரே, தயவுசெய்து அந்தப் பையனின் அட்டையைக் கிழித்துவிடாதீர்கள். அதே சுவாதியைப் பாதி நேரத்தில் இன்னொரு படம் எடுக்கச் சொல்லிப் பக்கத்தில் ஒட்டுங்கள். மிச்சத்தை அவனே கேட்பான்.